சியோலில் ஒரு கட்டடக்கலை நடைச்சுற்றுலா: கூரையிலிருந்து முற்றத்துக்கு

சியோல் நகரின் பழைய அரண்மனைகளையும் புதிய கட்டடங்களையும் ஒரே நாளில் நடந்தே காட்டும் வழிகாட்டிச் சேவைகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கும் பருவத்தில், கலந்துகொண்டேன். அதை நடத்தும் நிறுவனம் சிறியது. சொல்லவேண்டிய குறைகள் சில இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் இந்த மதிப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன். இத்தகைய சேவைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ இதே இடங்களைத்தான் சுற்றிக் காட்டுகின்றன; எதை எவ்வளவு நேரம் காட்டுகின்றன, எந்த வரிசையில் காட்டுகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலைப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். பிற்பகல் பகுதி விரைந்து ஓடுகிறது, சில இடங்களில் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுகிறது. ஆயினும் கொரியக் கட்டடக்கலையைப் பற்றி ஓர் அடிப்படைப் புரிதலை இந்தச் சுற்றுலா தருகிறது, அதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். புகைப்படங்களில் நாம் பார்த்துப் பழகியவை வளைந்த ஓட்டுக் கூரைகள். ஆனால் கொரியர்களின் கட்டடத்தை நடத்துவது கூரைக்குக் கீழே இருக்கும் தரையும், கட்டடங்களுக்கு நடுவே வெறுமையாக விடப்பட்ட முற்றமும்தான். இந்த உண்மையைக் காட்டத் தெரிந்த வழிகாட்டியிடம் போனால், பழைய கட்டடமும் புதிய கட்டடமும் இரு வேறு உலகங்களாகத் தோன்றமாட்டா.

கியோங்போக்குங் அரண்மனையை விட்டுவிட்டு சாங்தியோக்குங் அரண்மனையில் தொடங்கியது இந்தச் சேவையின் முதல் நல்ல முடிவு. கியோங்போக்குங் ஒரே நேர்கோட்டு அச்சில் வாயிலுக்குப் பின் வாயிலாக அடுக்கப்பட்டது. அதன் பெருமிதம் முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடும். 1405-ஆம் ஆண்டு அரசர் தேஜோங் காலத்தில் எழுப்பப்பட்ட சாங்தியோக்குங், பின்னால் இருக்கும் மலைச்சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே போகிறது. தலைவாயிலான தொன்ஹ்வாமுன் நடுவில் இல்லை, தென்மேற்கு மூலையில் நிற்கிறது. உள்ளே நுழைந்தவுடன் வலப்புறம் திரும்பி, 1411-இல் கட்டப்பட்ட கற்பாலத்தைக் கடந்து, மறுபடியும் இடப்புறம் திரும்பினால்தான் அரியணை மண்டபம் கண்ணில் படும். நிலத்தைச் சமன்செய்து அதன்மேல் திட்டத்தைத் திணிப்பதற்கு மாறாக, திட்டத்தை நிலத்துக்கு ஏற்ப வளைத்திருக்கிறார்கள். 1592 ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்துபோன இந்த அரண்மனையை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கட்டியபோதும் அந்த ஒழுங்கை மாற்றவில்லை. 1997-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கும் இந்த இயைபே அடிப்படை.

அரியணை மண்டபமான இன்ஜோங்ஜோன் முன்னால் வழிகாட்டி எங்களை நிறுத்தி, மேலே பார்ப்பதற்கு முன் கீழே பார்க்கச் சொன்னார். முற்றம் முழுவதும் கருங்கல் பாவியிருக்கிறது. கற்கள் வேண்டுமென்றே முழுமையாக வழுவழுப்பாக்கப்படாதவை. அந்தச் சொரசொரப்பு வெயிலின் கூச்சத்தைச் சிதறடிக்கிறது, கால் வழுக்காமல் காக்கிறது, மழைநீரை இடுக்குகளின் வழியே வழிந்தோடச் செய்கிறது. அதன் பிறகுதான் தூண்களின் தலைப்பில் அடுக்கடுக்காக வைக்கப்பட்ட போதிகைகளைப் பற்றியும், அவற்றின்மேல் தீட்டப்பட்ட ஐந்நிற வண்ணப்பூச்சைப் பற்றியும் பேசினார். அந்தப் பூச்சு அழகுக்காக மட்டும் தீட்டப்பட்டதன்று. ஈரத்திலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் மரத்தைக் காக்கும் கவசமும் அதுவே. மண்டபத்தின் உட்புறத்தைக் கவனித்தால் மேல்நாட்டு மின்விளக்குகளும் திரைச்சீலைகளும் மரத்தளமும் தெரியும். அவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டவை. பழைமை ஒரு நாளில் முடிந்து நவீனம் மறுநாள் தொடங்கியது என்று எண்ணுபவர்கள் இந்த மண்டபத்துக்குள் சற்று நேரம் பார்வையை ஓட்ட வேண்டும்.

நாளின் உச்சம் என்று நான் கருதுவது நாக்சியோன்ஜே. 1847-இல் அரசர் ஹோன்ஜோங் கட்டிய இந்த இல்லத்தில் வண்ணப்பூச்சு இல்லை. மரம் மரமாகவே நிற்கிறது. அரச குடும்பத்தின் கடைசி உறுப்பினர்கள் 1989 வரை இங்கே வாழ்ந்தார்கள். கதவுகளிலும் சாளரங்களிலும் ஹான்ஜி எனப்படும் கொரியக் கைத்தாள் ஒட்டப்பட்ட மரச்சட்டங்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு வேலைப்பாட்டில் அமைந்திருக்கின்றன. உயர்த்திக் கட்டிய மாடத்தின் அடியில், தரையைச் சூடாக்கும் அடுப்பின் வாயை மறைக்கும் சிறு சுவர் ஒன்று இருக்கிறது; அதில் வெடித்த பனிக்கட்டியின் கோலம் பதிக்கப்பட்டிருக்கிறது. நெருப்பு பரவிவிடக் கூடாது என்ற வேண்டுதல் அந்தக் கோலத்தில் இருக்கிறது. மரமும் தாளும் நிறைந்த வீட்டின் அடியில் நாள்தோறும் தீ மூட்டி வாழ்ந்தவர்களின் அச்சமும் துணிவும் ஒரே சுவரில் எழுதப்பட்டிருப்பதைப் போல எனக்குத் தோன்றியது.

அந்த அடுப்பின் முன் நின்றுதான் ஒண்டோல் என்னும் தரைச்சூடேற்று முறை பற்றிய விளக்கம் வந்தது, இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. அடுப்பில் எரியும் தீயின் சூடான புகை அறையின் அடியில் உள்ள வழிகளில் ஊர்ந்து சென்று, மேலே பரப்பப்பட்ட கற்பலகைகளைச் சூடாக்கிவிட்டு, மறுபுறத்துப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. கல் மெதுவாகச் சூடாகி, தீ அணைந்த பிறகும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். கல்லின்மேல் மண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தாள் ஒட்டுவார்கள். அடுப்புக்கு அருகிலுள்ள பகுதி அதிகச் சூடாக இருக்கும். வீட்டின் மூத்தவர்களுக்கும் விருந்தினருக்கும் அந்த இடம் தரப்படும். தரை சூடாக இருப்பதால் மக்கள் தரையில் அமர்ந்தார்கள், தரையில் உண்டார்கள், தரையில் உறங்கினார்கள்; அதனால் அறைக்குள் உயரமான இருக்கைகளுக்குத் தேவை இல்லை; அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு ஏற்பச் சாளரத்தின் அடிவிளிம்பு தாழ்ந்தது. 2018-இல் கொரிய அரசு ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய அருவ மரபாக அறிவித்தது.

குளிருக்கு ஒண்டோல் என்றால் வெயிலுக்கு மாரு. தரைமட்டத்திலிருந்து உயர்த்தி, அடியில் காற்று ஓடும்படி அமைத்த பலகைத் தளம் அது. வடக்கின் கடுங்குளிரில் வளர்ந்த சூடான தரையும், தெற்கின் புழுக்கத்தில் வளர்ந்த குளிர்ந்த தளமும் ஒரே கூரையின் கீழ் அருகருகே வந்து அமர்ந்ததுதான் ஹனோக் என்னும் மரபு வீட்டின் தனித்தன்மை. கூரை விளிம்பின் நீட்டமும் கணக்கோடு அமைந்தது. சியோலில் கோடையின் உச்சியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 76 பாகை உயரத்திலும், குளிர்காலத்தின் உச்சியில் ஏறத்தாழ 29 பாகை உயரத்திலும் நிற்கும். கோடை வெயிலைத் தடுத்து, குளிர்கால வெயிலை அறையின் உள்வரை அனுமதிக்கும் அளவுக்கு விளிம்பு நீள்கிறது.

இதன் பிறகு ஹூவொன் என்னும் பின்தோட்டம். அதன் நுழைவு குறித்த நேரத்தில், வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் மட்டுமே. அரண்மனை நுழைவுக்கு 3,000 வொன், தோட்டத்துக்கு மேலும் 5,000 வொன். சதுரக் குளமும் அதன் நடுவில் வட்டத் தீவும் கொண்ட புயோங்ஜியும், 1776-இல் எழுந்த ஜுஹாம்னு மாடமும் எல்லாரும் படம்பிடிக்கும் காட்சிகள். என் கவனத்தை அதிகம் ஈர்த்தது யோங்யோங்தாங். 1828-இல் முதலில் அமைக்கப்பட்ட இந்த வளாகம் அரண்மனைக்குள் இருந்துகொண்டே கற்றறிந்த பெருங்குடியினரின் வீட்டைப் போலக் கட்டப்பட்டது. ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் முற்றத்தில் சுவரால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கட்டடமோ உள்ளே இணைந்திருக்கிறது. வெளியே பிரிவும் உள்ளே இணைப்புமாக ஒரு சமூகத்தின் ஒழுங்கே அதன் தரைத்திட்டத்தில் வரையப்பட்டிருக்கிறது.

அரண்மனைக்கு அடுத்துச் சில நிமிட நடையில் கட்டடக்கலைஞர் கிம் சூ-குன் தன் அலுவலகமாகக் கட்டிய ஸ்பேஸ் கட்டடம். 1971-இல் முதல் பகுதியும் 1977-இல் விரிவாக்கமும் முடிந்தன. 2014 முதல் அது அராரியோ அருங்காட்சியகமாக இயங்குகிறது. கருஞ்செங்கல் சுவரைக் கொடி மூடியிருக்கிறது. உள்ளே தாழ்ந்த கூரைகள், அரைத்தளங்களாக ஏறி இறங்கும் அறைகள், ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய சுழற்படிகள். ஓட்டுக் கூரை இல்லை, மரத்தூண் இல்லை, மரபின் வெளித்தோற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் அறையும் அடுத்த அறையின் ஓர் ஓரத்தைக் காட்டி அழைக்கிறது. அமர்ந்திருக்கும் மனிதனின் அளவு இங்கேயும் விதியாக இருக்கிறது. சிறிய முற்றத்தில் கல் கோபுரம் ஒன்றும், ஒரு பக்கம் ஹனோக்கும், மறுபக்கம் ஜாங் சே-யாங் 1997-இல் சேர்த்த கண்ணாடிக் கட்டடமும் நிற்கின்றன. செங்கல், மரம், கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க நடுவில் இருக்கும் வெற்றிடமே அவற்றைச் சேர்த்து வைக்கிறது. அரண்மனையிலிருந்து நேராக இங்கே அழைத்து வந்தது மிகச் சிறந்த வரிசைப்படுத்தல். காலையில் முற்றங்களைப் பார்த்த கண், இந்த முற்றத்தை விளக்கம் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்கிறது.

இங்கே ஒரு கடுமையான குறையைச் சொல்ல வேண்டும். கிம் சூ-குன் வடிவமைத்த புயோ அருங்காட்சியகம் ஜப்பானியக் கோயிலை ஒத்திருக்கிறது என்று 1967-இல் எழுந்த பெரும் சர்ச்சையையும், அதன் பின் கொரியத் தன்மை எது என்ற கேள்வியை அவர் தன் பணியின் மையமாக்கிக்கொண்டதையும் வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். ஆனால் 1976-இல் நம்யோங்-தோங் பகுதியில் எழுந்த காவல்துறை விசாரணைக் கட்டடமும் அவருடைய வடிவமைப்பே என்பதைச் சொல்லவில்லை. அதன் ஐந்தாம் தளத்தின் சாளரங்கள் மட்டும் மிகக் குறுகலானவை. அந்தத் தளத்தில்தான் 1987-இல் மாணவர் பாக் ஜோங்-சோல் சித்திரவதையால் உயிரிழந்தார். அந்த மரணம் கொரிய மக்களாட்சிப் போராட்டத்தின் திருப்புமுனையாயிற்று. ஸ்பேஸ் கட்டடத்தின் குறுகிய படிக்கட்டுகளை வியந்து பேசும் எவரும் அந்தச் சாளரங்களைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள். மனித உடலின் அளவை நுட்பமாக அறிந்த ஒரு கலை அந்த அறிவை எதற்குப் பயன்படுத்துகிறது என்ற கேள்வி, கட்டடக்கலைச் சுற்றுலா ஒன்றிலிருந்து விடுபடக்கூடியதன்று.

புக்சோன் பகுதியில் சேவை மீண்டும் தலைநிமிர்கிறது. பலர் இதை அறுநூறு ஆண்டுப் பழைமையான குடியிருப்பு என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள். இங்கே இப்போது நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை 1920-களிலும் 1930-களிலும் கட்டப்பட்டவை. ஜோங் செ-க்வோன் போன்ற கட்டுமான முனைவோர் பெரிய மனைகளை வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்து, நடுத்தர மக்கள் வாங்கக்கூடிய நகர ஹனோக்குகளை வரிசையாகக் கட்டினார்கள். கண்ணாடிக் கதவுகளும் தகரத் தூம்புகளும் அப்போதுதான் வந்தன. மனை சுருங்கியதால் வீடு முற்றத்தைச் சுற்றி மடிந்துகொண்டது. எதைக் கைவிட்டாலும் முற்றத்தைக் கைவிடவில்லை. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சியின் நடுவில், கொரியர்கள் நகருக்குள் கொரிய வீட்டில் வாழ வழிசெய்த வணிகம் அது. இதை வழிகாட்டி உணர்ச்சியோடும் ஆதாரத்தோடும் எடுத்துரைத்தார்.

அதற்கும் மேலாக, 1921-ஆம் ஆண்டு வீடு ஒன்றில் இயங்கும் புக்சோன் பண்பாட்டு மையத்தில் எங்களைக் காலணி கழற்றி மாருவில் உட்கார வைத்தார். காலையில் தோட்டத்தில் பார்த்த யோங்யோங்தாங்கை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட வீடு இது என்பதால், அங்கே தொட முடியாததை இங்கே தொட முடிந்தது. நின்றுகொண்டு பார்க்கும்போது வெறும் மணல்வெளியாகத் தெரிந்த முற்றம், உட்கார்ந்தவுடன் வேறாகிவிடுகிறது. வெளிறிய மணலில் பட்ட ஒளி கூரை விளிம்பின் அடியில் எழும்பி, தாளின் வழியே நிழலற்ற மென்மையோடு அறைக்குள் நுழைகிறது. முன்முற்றத்தில் மரம் நடாமல் விட்டதற்கு இது ஒரு காரணம். கோடையில் மணல் சூடாகி அங்குள்ள காற்று மேலே எழும்போது, பின்புறத்து மரநிழலில் குளிர்ந்த காற்று மாருவைக் கடந்து முன்னே வரும் என்பது இன்னொரு காரணம். தூண்களின் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னதும் நல்ல பாடம். இயற்கையான கல்லின் மேடுபள்ளத்தை அளந்து, அதற்கு ஏற்ப மரத்தூணின் அடியைச் செதுக்கிப் பொருத்தும் பழைய தச்சுமுறையை விளக்கினார். கல்லைச் சமமாக்குவதைவிட மரத்தைக் கல்லோடு இணங்கச் செய்வதே அவர்கள் தேர்ந்தெடுத்த வழி.

குறுகிய சந்துகளில் எங்கள் குழு அமைதியாக நடந்தது குறித்து மகிழ்ச்சி. மக்கள் வாழும் தெருக்கள் அவை. சுற்றுலாப் பயணிகளின் நெருக்கடி தாங்காமல், புக்சோனின் மிக நெரிசலான பகுதிக்குக் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பார்வையாளர்கள் வரலாம் என்று கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். மீறினால் 2025 மார்ச் முதல் 1,00,000 வொன் அபராதம். இந்த விதியை முன்கூட்டியே சொல்லி, கதவுகளுக்கு எதிரே நின்று படம்பிடிக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்ட சேவையை மதிக்கிறேன்.

பிற்பகல் பகுதிதான் தடுமாறுகிறது. தேசிய நவீன, தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் சியோல் கிளைக்கு ஒதுக்கிய நேரம் போதவே இல்லை. மின் ஹியோன்-ஜுன் வடிவமைத்து 2013-இல் திறக்கப்பட்ட இந்த வளாகம், என் பார்வையில், மரபும் நவீனமும் எப்படிச் சேர்ந்து வாழலாம் என்பதற்கு நகரிலேயே சிறந்த விடை. முன்னர் ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் கையில் இருந்து பொதுமக்கள் நுழைய முடியாதிருந்த இடம் இது. அதன் பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் வைத்துக்கொண்டு, 1981-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்த ஜோங்சின்பு என்னும் அரச காலக் கட்டடத்தையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். காட்சிக்கூடங்களில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருப்பதால், மேலே முற்றங்கள் விரிகின்றன. சுற்றுச்சுவர் இல்லை, அரண்மனைப் பக்கத்திலிருந்தும் குடியிருப்புப் பக்கத்திலிருந்தும் மக்கள் தம் போக்கில் குறுக்கே நடந்து போகிறார்கள். புதிய கட்டடம் தன்னை முன்னிறுத்தாமல் பின்வாங்கிக்கொண்டதால் கிடைத்த இடம் அது. இங்கே ஒரு மணி நேரமாவது உட்காரவிட்டிருக்க வேண்டும்; வெளியில் நின்று சுருக்கமாகப் பேசிவிட்டுப் புறப்படச் செய்தார்கள்.

மிச்சப்படுத்திய நேரமெல்லாம் தோங்தேமுன் டிசைன் பிளாசாவுக்குப் போனது. ஜாஹா ஹதித் வடிவமைத்து 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் மேற்பரப்பில் 45,133 அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. அவை வளைந்தும் நெளிந்தும் ஒன்றோடொன்று இடைவெளி தெரியாமல் பொருந்தியிருப்பது பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. விளக்கேற்றிய பிறகு அதன் தோற்றம் கவர்கிறது. ஆயினும் எனக்கு அங்கே ஒட்டவில்லை. உட்புறத்துச் சரிவுப்பாதைகளில் நடந்துகொண்டே இருக்கலாம், எங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்பதைக் கட்டடம் சொல்லவில்லை. பழைய விளையாட்டரங்கை இடித்து இதைக் கட்டத் தோண்டியபோது நகர மதிலின் அடித்தளமும் இரு வளைவுகள் கொண்ட பழைய நீர்வாயிலும் வெளிப்பட்டன. அவற்றைக் காத்து வெளியே காட்சிப்படுத்தியிருக்கிறார்கள், விளையாட்டரங்கின் விளக்குக் கோபுரங்கள் இரண்டையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த மதிலுக்கும் இந்த அலுமினியத்துக்கும் நடுவில் உள்ள வெளியில்தான் வழிகாட்டி எங்களை நிறுத்திப் பேசியிருக்க வேண்டும். பெரும்பாலான நேரம் உள்ளே கடைகளுக்கும் கண்காட்சி அறைகளுக்கும் நடுவில் கழிந்தது.

நாள் முழுவதும் ஒரு குடியிருப்பு அடுக்ககத்தைக்கூடப் பற்றிப் பேசாதது இன்னொரு பெரிய இடைவெளி. கொரியாவின் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அடுக்ககங்கள். 1962-இல் மாபோவில் முதல் பெரிய அடுக்கக வளாகம் எழுந்த நாளிலிருந்து இந்நாட்டின் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் அவற்றின் வரலாறே. தரையைச் சூடாக்கக் கரிக்கட்டி எரித்த காலத்தில் தரை விரிசல்களின் வழியே கசிந்த நச்சுவாயு பல உயிர்களைக் குடித்தது. பிறகு கொதிகலனிலிருந்து வெந்நீர்க் குழாய்களைத் தரைக்கு அடியில் ஓட்டும் முறை வந்து, எத்தனையாவது மாடியானாலும் சூடான தரை சாத்தியமாயிற்று. காலணியை வாசலில் விட்டு, நடுக்கூடத்தைச் சுற்றி அறைகள் திறக்கும் அந்த வீடுகளில், மாருவும் முற்றமும் செய்த வேலையைக் கூடம் செய்கிறது. ஓடு வேய்ந்த கூரை போய்விட்டது, ஒண்டோல் போகவில்லை. இதைச் சொல்லாமல் கொரிய நவீனக் கட்டடக்கலையை வெளிநாட்டுப் புகழ்பெற்றவர்களின் பட்டியலாகக் காட்டுவது முறையன்று.

அப்பட்டியலிலும் பொருத்தமான இரண்டை விட்டுவிட்டார்கள் என்பதால், மறுநாள் தனியாகப் போய்ப் பார்க்க முடிந்தவர்களுக்குச் சொல்கிறேன். இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் தொமினிக் பெரோ 2008-இல் முடித்த வளாகம், மேட்டை நடுவில் பிளந்து பள்ளத்தாக்குப் போலத் திறந்து, இரு பக்கக் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் வகுப்பறைகளை வைத்திருக்கிறது. கூரை முழுவதும் தோட்டம். யோங்சானில் டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்த அமோரேபசிபிக் என்னும் அழகுப்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் கனசதுரக் கட்டடத்தின் உயரத்தில் பெரிய திறப்புகளை வெட்டித் தோட்டங்களை அமைத்திருக்கிறது. அதன் தரைத்தளத்துக்குள் யாரும் நுழையலாம். இரண்டும் வெளிநாட்டவர் கட்டியவை, இரண்டிலும் வெற்றிடம்தான் தலைமை ஏற்கிறது.

இத்தகைய சேவைக்குப் பணம் கட்டும் முன் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹூவொன் நுழைவை அவர்களே முன்பதிவு செய்வார்களா, ஹனோக் ஒன்றின் உள்ளே உட்கார நேரம் உண்டா, பிற்பகலில் அருங்காட்சியக முற்றத்துக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள். சாங்தியோக்குங் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மேடும் படிகளும் அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் காலைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரிக்கலாம்; பெரும் பயன் அதிலேயே கிடைத்துவிடும். அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணியும், குளிர்காலமாயின் தடித்த காலுறையும் அவசியம். சூடேற்றாத மாருவின் பலகை அந்நாட்களில் உள்ளங்காலை உறைய வைக்கும்.